மேதைகளுக்கு ஐ.க்யூ போட்ட நடுப்பக்கம்: ஒரு சிறுவர் நூலின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சிறுவர் நூல்கள் மட்டுமே போடும் சிறிய பதிப்பகம் அது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு பொது அறிவுப் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. ஜனவரி புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது திட்டம். மொத்தப் புத்தகத்தில் ஒரே ஒரு ஃபாரம்தான் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) கலர். அதன் நடுவே, விரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படமாக வரும்படி, 'உலகின் தலைசிறந்த மூளைகள்' என்று ஒரு பகுதி. பள்ளிகளுக்கு மாதிரிப் பிரதி கொண்டுபோகும்போது முதலில் திறந்து காட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான். அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண்.

இந்தக் குறிப்பில் வருபவர்கள் பதிப்பாசிரியர், நூலைத் தொகுத்த ஆசிரியர், பக்கத்தை வரைந்த இளம் ஓவியர், விற்பனையைக் கவனித்த மூத்தவர் (எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி), கணக்கு வாத்தியார் ஒருவர், தகவல் சரிபார்க்க வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட நான். யார் பெயரும் வேண்டாம் என்று முன்பே பேசிக்கொண்டோம். மேதைகளின் ஐ.க்யூ (அறிவுத்திறன் ஈவு) பட்டியல் தமிழில் அடிக்கடி அச்சாகிறது. அதைக் கையிலெடுக்கும் அடுத்த ஆளுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதிவைக்கிறேன்.

## மெய்ப்பில் கண்டது

மெய்ப்பு கைக்கு வந்தபோது பக்கம் பார்க்க அழகாகவே இருந்தது. வரிசையாக முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் ஒரு வண்ணப் பட்டை, பட்டையின் நுனியில் எண். கதே 210, ஷேக்ஸ்பியர் 210, நியூட்டன் 190, ராமானுஜன் 185, லியொனார்டோ டாவின்சி 180, டார்வின் 165, ஐன்ஸ்டைன் 160. அடியில் ஒரு சின்னப் பட்டை: 'சராசரி மனிதர் 100'. பட்டைகளின் நீளத்தை ஓவியர் எண்ணுக்கு ஏற்றபடி மில்லிமீட்டர் கணக்கில் அளந்தே போட்டிருந்தார்.

முதலில் உறுத்தியது ஆண்டுகள். ஆல்ஃபிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் பாரிஸில் முதல் அறிவுச் சோதனையை வெளியிட்டது 1905-இல். மனவயதை (எந்த வயதுப் பிள்ளை செய்யக்கூடியதைச் செய்கிறார் என்பதை) உண்மையான வயதால் வகுக்கலாம் என்று வில்லியம் ஸ்டெர்ன் சொன்னது 1912-இல். அந்த ஈவை நூறால் பெருக்கி, இன்று நாம் சொல்லும் ஐ.க்யூ ஆக்கி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் சோதனைத் தாளோடு பரப்பியது 1916-இல். நியூட்டன் இறந்தது 1727-இல், ஜெர்மன் கவிஞர் கதே 1832-இல். சோதனை எழுதாதவர்களுக்கு மதிப்பெண் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது, எல்லா எண்களும் 0-இலோ 5-இலோ முடிந்தன. உண்மையில் சோதனை எழுதியவர்களின் மதிப்பெண் 113, 127, 141 என்று கண்டபடி விழும். எல்லாமே ஐந்தின் மடங்காக இருந்தால் யாரோ உட்கார்ந்து மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். நிலத்தின் விலையைத் தரகர் குத்துமதிப்பாகச் சொல்லும்போது அது ஒருநாளும் 17,43,212 என்று வராது அல்லவா, அப்படி.

தொகுத்த ஆசிரியரிடம் கேட்டோம். "பத்து இடத்துல பார்த்துட்டேன், பத்துலயும் இதே நம்பர்தான் இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்து இடம் ஒத்துப்போனால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தனித்தனியாகக் கணக்கிட்ட பத்துப் பேர் இப்படி எண் பிசகாமல் ஒத்துப்போக மாட்டார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால்தான் அது நடக்கும்.

இந்த நிலையில் அண்ணாச்சி உள்ளே வந்தார். அவருடைய கவலை வேறு. "மேடம், நம்மாளு ராமானுஜன் ஒருத்தர்தான் இருக்கார். வள்ளுவருக்கும் பாரதியாருக்கும் ஒரு நம்பர் போட்டுட்டா ஸ்கூல்ல நல்லா எடுப்பாங்க."

"வள்ளுவர் பொறந்த வருஷத்துக்கே இன்னும் சண்டை தீரலை அண்ணாச்சி. அவருக்கு நான் எங்க போய் நம்பர் எடுக்கிறது?" என்றார் பதிப்பாசிரியர்.

சிரித்துவிட்டு எழுந்தோம் என்றாலும், அண்ணாச்சி கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. கதேவுக்குப் போட முடியுமென்றால் பாரதிக்கு ஏன் முடியாது? அதற்குப் பதில் சொல்ல, கதேவின் எண் எப்படி உண்டானது என்று தெரிந்தாக வேண்டும்.

## எண்கள் பிறந்த இடம்

பட்டியலில் பழைய ஆட்களுக்குரிய எண்களில் பெரும்பாலானவை ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன: 1926-இல் ஸ்டான்ஃபோர்ட் வெளியிட்ட, 800 பக்கங்களுக்கு மேற்பட்ட ஓர் ஆய்வு. செய்தவர் கேதரின் காக்ஸ், டெர்மனின் மாணவி. 1450-க்கும் 1850-க்கும் இடையே பிறந்த 301 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களின் சிறுவயது அறிவுத்திறனை வரலாற்றுச் சான்றுகளிலிருந்து மதிப்பிட முயன்றார்.

முதல் கேள்வி, யார் மேதை? காக்ஸ் அதைத் தானாக முடிவுசெய்யவில்லை. ஜேம்ஸ் மக்கீன் கேட்டல் என்ற உளவியலாளர் 1903-இல் வெளியிட்ட ஆயிரம் பேர் கொண்ட வரிசைப் பட்டியலிலிருந்து எடுத்தார். வாழ்க்கை வரலாற்று அகராதிகளில் யாருக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேட்டலின் அளவுகோல். ஐரோப்பிய, அமெரிக்க அகராதிகளில் அதிக வரி யாருக்கோ அவரே பெரிய மேதை. பாரதிக்கு ஏன் எண் இல்லை என்பதற்குப் பாதிப் பதில் இங்கேயே வந்துவிட்டது. மீதிப் பதில், அவர் பிறந்தது 1882.

அப்புறம் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. குடும்ப நிலை, படிப்பு, படித்த புத்தகங்கள், சிறுவயதில் எழுதியவை, ஆசிரியர்கள் சொன்னவை என்று கிடைத்ததெல்லாம் அதில் சேர்ந்தது. அந்தக் கோப்பைப் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் தனித்தனியே படித்து, 17 வயதுவரை உள்ள சான்றுக்கு ஓர் எண்ணும், 17 முதல் 26 வரை உள்ள சான்றுக்கு இன்னோர் எண்ணும் கொடுத்தார்கள். முதல் எண்ணின் சராசரி ஏறக்குறைய 135, இரண்டாவதன் சராசரி 145.

இதோடு நின்றிருந்தால் கதேவுக்கு 210 வந்திருக்காது. சான்று குறைவாக இருந்தால் மதிப்பீடும் தாழ்ந்துவிடுகிறது என்பதைக் காக்ஸ் கவனித்தார். எனவே சான்றின் நம்பகத்தன்மையையும் கணக்கில் கொண்டு ஒரு திருத்தம் செய்தார். திருத்தம் எப்போதும் மேல்நோக்கியே போகும். நியூட்டனுக்கு முதல் எண் 130, அடுத்தது 170, திருத்தியபின் 190. கதேவுக்கு 185, 200, பிறகு 210. நம் நடுப்பக்கத்தில் பட்டை போட்டிருந்தது இந்த மூன்றாவது எண்ணுக்கு. முதல் இரண்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன.

ஷேக்ஸ்பியர் பற்றியும் தெளிவு கிடைத்தது. இளமைக்காலச் சான்று போதவில்லை என்று காக்ஸ் அவரைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. 210 பின்னால் யாரோ ஒட்டவைத்தது. ஐன்ஸ்டைன் பிறந்தது 1879, ராமானுஜன் 1887. இருவருமே 1850-க்குப் பிந்தியவர்கள், ஆகவே காக்ஸின் ஆய்வுக்குள் வரவே வாய்ப்பில்லை. ஐன்ஸ்டைன் ஐ.க்யூ சோதனை எழுதியதாக எந்தப் பதிவும் இல்லை. ஆக, ஒரே வரிசையில் நின்ற பட்டைகளில் சில மதிப்பீடு, சில வெறும் காற்று.

## நான்கு வயதுப் பையனின் கடிதம்

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று கிட்டத்தில் பார்க்க ஒரு நல்ல சான்று இருக்கிறது. காக்ஸுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1917-இல், டெர்மனே செய்த முன்னோட்டம் அது. ஆள், பிற்காலத்தில் ஆங்கில அறிவியலாளராகப் புகழ்பெற்ற ஃபிரான்சிஸ் கால்டன். 1822 பிப்ரவரி 16-இல் பிறந்தவர். ஐந்தாவது பிறந்தநாளுக்கு முந்தைய தேதியிட்டு அக்கா அடீலுக்கு அவர் எழுதிய கடிதம் தப்பிப் பிழைத்திருக்கிறது.

எனக்கு நான்கு வயது, எந்த ஆங்கிலப் புத்தகத்தையும் என்னால் படிக்க முடியும் என்று தொடங்குகிறது. லத்தீன் பெயர்ச்சொற்கள், உரிச்சொற்கள், 52 வரி லத்தீன் கவிதை எல்லாம் தெரியும். எந்தக் கூட்டல் கணக்கையும் போடுவேன். பெருக்கல் 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 10, 11 வரை வரும். பிரெஞ்சு கொஞ்சம் படிப்பேன், கடிகாரம் பார்க்கத் தெரியும்.

அந்தக் காகிதத்தில் 9-உம் 11-உம் இப்போது சரியாக இல்லை. சொல்லிவிட்டோமே, அவ்வளவு வராதே என்று பையனுக்கே தோன்றியிருக்க வேண்டும். ஒன்றைக் கத்தியால் சுரண்டியிருக்கிறான். அது போதவில்லை என்று மற்றொன்றின் மேல் சிறு காகிதத் துண்டை ஒட்டியிருக்கிறான். கால்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கார்ல் பியர்சன் இதைப் பதிவு செய்திருக்கிறார். கடிதத்திலேயே நான் மிகவும் ரசித்த இடம் இதுதான். லத்தீன் படித்ததைவிட அந்த ஒட்டு அந்தப் பையனைப் பற்றி அதிகம் சொல்கிறது. ஆனால் ஐ.க்யூ கணக்கில் அதற்கு இடமில்லை.

கணக்கு வாத்தியார் பலகையில் போட்டுக் காட்டினார். எட்டு வயதுப் பிள்ளை செய்வதை நான்கு வயதுப் பிள்ளை செய்தால், 8-ஐ 4-ஆல் வகுத்து நூறால் பெருக்க 200. டெர்மன் கால்டனுக்குக் கொடுத்ததும் 200-ஐ ஒட்டிய எண்தான். பழைய ஈவுக் கணக்கில் இது நடக்கக்கூடியது. அதே 200-ஐ இன்றைய முறையில் படித்தால் கதை வேறு. டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் தந்த சோதனைக்குப் பிறகு பரவிய முறையில் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 15. அதில் 200 என்றால் சராசரியிலிருந்து ஆறரைத் திட்ட விலக்கத்துக்கும் மேல். மணிவடிவ வளைவின்படி ஏழாயிரம் கோடிப் பேரில் ஒருவருக்குக்கூட வராது. உலகத்தில் இருப்பதே எண்ணூறு கோடிதான்.

"அப்போ சார், இவங்க நம்பரையும் நம்ம ஸ்கூல் பசங்க நம்பரையும் ஒரே ஸ்கேல்ல போட்டதே தப்பா?" என்று ஓவியர் கேட்டார். மில்லிமீட்டர் அளந்து போட்டவர், அவருக்குத்தான் முதலில் வலித்தது.

"தப்புதான் தம்பி. சென்டிமீட்டரையும் இஞ்சையும் ஒரே பட்டையில போட்டிருக்கீங்க."

## மில்லும் ஃபாரடேயும்

காக்ஸின் பட்டியலில் இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்ததும் எங்கள் முடிவு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு 17 வயதுவரையிலான எண் 190. அவருடைய அப்பா ஜேம்ஸ் மில் எழுத்தாளர், வரலாற்றாசிரியர். மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் தானே கற்பித்தார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன். என்ன படித்தான், எப்போது படித்தான் என்ற விவரமெல்லாம் எழுத்தில் இருக்கிறது. மில் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில், இயற்கையான திறமையில் தான் சராசரிக்குக் கீழே என்றே சொல்லுமளவு போகிறார். எல்லாம் அப்பா கொடுத்த பயிற்சி என்கிறார். தன்னடக்கம் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் 190-இல் பையனின் பங்கு எவ்வளவு, தகப்பனின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க அந்தக் கோப்பில் வழியில்லை.

மின்காந்தவியலின் முன்னோடி மைக்கேல் ஃபாரடேக்கு அதே வயதுக்கான எண் 105. கொல்லர் மகன். பள்ளிப் படிப்பு எழுதப் படிக்கக் கணக்குப் போட என்ற அளவோடு சரி. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த புத்தகங்களை எடுத்துப் படித்துத்தான் அறிவியல் கற்றார். அவருடைய ஆறு வயதைப் பற்றியோ எட்டு வயதைப் பற்றியோ அந்த வீட்டில் யாரும் குறித்துவைக்கவில்லை. 17-க்குப் பிறகு அவருடைய குறிப்புகளும் கடிதங்களும் கிடைக்கத் தொடங்குகின்றன. 1813-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் கீழ் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளராகிறார். உடனே எண் 150-க்குத் தாவுகிறது.

ஒரே ஆளுக்குச் சில ஆண்டுகளில் 45 புள்ளி ஏறுமா? ஏறவில்லை. காகிதம்தான் கூடியிருக்கிறது. கோபர்னிக்கஸுக்கும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸுக்கும்கூட இளமைக்கால எண் 105-தான். காரணம் அதேதான், அவர்களின் இளமையைப் பற்றி ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. இந்த எண் அளப்பது, அந்தக் குழந்தையின் வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், எழுதியதைப் பத்திரப்படுத்தியவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அறிவு அதில் கலந்திருக்கலாம். எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

காக்ஸைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. சான்று குறைந்தால் எண் குறைகிறது என்று வெளிப்படையாக எழுதியவர் அவர்தான். ஒவ்வொருவரின் கோப்பையும் சுருக்கி அச்சிட்டுமிருக்கிறார், யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். இன்று பட்டியல் போடுகிறவர்கள் அந்த 800 பக்கங்களில் எடுத்துக்கொண்டது கடைசி நெடுவரிசையை மட்டும்.

## ராமானுஜனுக்கு நாங்களே போட்டுப் பார்த்தது

முடிவெடுக்கும் முன் பதிப்பாசிரியர் ஒரு யோசனை சொன்னார். ராமானுஜனின் இளமைக்காலத் தகவல்களைக் காக்ஸ் பாணியில் ஒரு தாளில் எழுதி, ஆளுக்கு ஒன்று எடுத்துப் போய், கலந்து பேசாமல் எண் போட்டு வருவது.

தாளில் இருந்தவை: ஈரோட்டில் பிறப்பு, கும்பகோணத்தில் வளர்ப்பு. அப்பா துணிக்கடையில் கணக்கர். மூன்று வயதுவரை சரியாகப் பேசவில்லை என்று வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. 1897-இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதல். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கல்லூரி மாணவர்களுக்கான முக்கோணவியல் புத்தகத்தை முடித்தார். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரி, பிற பாடங்களில் தவறியதால் உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, எஃப்.ஏ. தேர்வில் (பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரித் தேர்வு) கணிதம் தவிர மற்றவற்றில் தோல்வி. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர். 1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம்.

மறுநாள் தாள்களைப் பிரித்தோம். கணக்கு வாத்தியார் 17 வயதுவரை 180 போட்டிருந்தார். தொகுத்த ஆசிரியர் பேச்சு தாமதமானதையும் தோல்விகளையும் எடுத்துக்கொண்டு 120-இல் நின்றுவிட்டார். பதிப்பாசிரியர் எண்ணே போடவில்லை. ஓவியர், '185-னு ஏற்கெனவே தெரியும், அதை மறந்துட்டு எப்படிப் போடுறது?' என்று எழுதியிருந்தார். எனக்கு அந்தத் தாள்தான் மிக முக்கியமாகப் பட்டது. கோப்பைப் படித்த உளவியலாளர்களுக்கும் இவர் நியூட்டன், இவர் கதே என்று தெரியும். பின்னால் என்ன ஆனார் என்பது தெரிந்தபிறகு, சிறுவயதில் என்ன செய்தார் என்பதை அது தெரியாதவர் மாதிரி யாராலும் படிக்க முடியாது.

ராமானுஜனைப் பொறுத்தவரை பதிவான எண் ஒன்று உண்டு, ஆனால் அது ஐ.க்யூ இல்லை. ஹார்டி கணிதத்தில் இயற்கைத் திறமைக்கு மட்டும் தன் மனம்போன மதிப்பெண் போட்டார். தனக்கு 25, சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டுக்கு 30, ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட்டுக்கு 80, ராமானுஜனுக்கு 100. போட்டவர் யார், எதற்குப் போட்டார், யாரோடு ஒப்பிட்டார் எல்லாம் தெரிந்த எண் அது.

## எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் மேசையில் இருந்தன.

பட்டைகளை அப்படியே விட்டு, ஒரு நட்சத்திரக் குறி போட்டு, 'இவை மதிப்பீடுகள்' என்று அடிக்குறிப்பு போடலாம். அண்ணாச்சிக்கும் அச்சகத்துக்கும் இதுதான் வசதி. பதிப்பாசிரியர் மறுத்துவிட்டார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வது பட்டையின் நுனியிலுள்ள எண்ணை. நட்சத்திரத்தை யாரும் படியெடுப்பதில்லை.

பக்கத்தையே எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அதுவும் நிற்கவில்லை. கலர் ஃபாரம் காலியாகும் என்பது ஒரு காரணம். அதைவிட, எண் எப்படி உண்டாகிறது என்ற கதை எண்ணைவிடச் சுவையானது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவானேன் என்றார் கணக்கு வாத்தியார்.

மூன்றாவது வழிதான் நின்றது. பட்டைகள் போய், நான்கு பேர் மட்டும். கால்டனின் கடிதம், 9, 11 இருந்த இடங்களில் சுரண்டலும் ஒட்டும் தெரியும்படி ஓவியமாக. மில்லும் ஃபாரடேயும் எதிரெதிரே, அவரவர் எண்ணுக்குக் கீழே 'இதை யார் எழுதிவைத்தார்கள்?' என்ற கேள்வியோடு. ராமானுஜனுக்கு ஹார்டியின் மதிப்பெண். ஒரு விதி வைத்துக்கொண்டோம்: எந்த எண்ணை அச்சிட்டாலும், அது எந்தச் சான்றிலிருந்து வந்தது என்பது அதே எழுத்தளவில் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தியும் சேர்ந்தது. 1921-இல் டெர்மன் கலிஃபோர்னியாவில் உயர்ந்த ஐ.க்யூ உள்ள சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுதும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அவர்களில் யாருக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. சோதனையில் போதிய எண் பெறாமல் விடப்பட்ட இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும், முறையே 1956-இலும் 1968-இலும் இயற்பியல் நோபல் பெற்றார்கள்.

ஒரு விஷயத்தில் நீண்ட விவாதம் நடந்தது. கால்டன் வெறும் சுட்டிப் பையன் இல்லை. மேதைமை பரம்பரையாக வருகிறது என்று 1869-இல் நூல் எழுதியவர். 'தகுதியானவர்கள்' அதிகமாகப் பிள்ளை பெற வேண்டும், மற்றவர்கள் குறைக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883-இல் பெயர் சூட்டியவரும் அவரே. டெர்மன் அந்த இயக்கத்தின் ஆதரவாளர். பழைய மேதைகளுக்கு எண் போடும் ஆசை சும்மா வந்ததல்ல, பெரிய மனிதர்கள் பிறவியிலேயே உயர்ந்தவர்கள் என்று காட்டும் வேலையின் ஒரு பகுதி அது. இதை ஆறாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது? கடைசியில், 'சிலரை மட்டம் தட்டவும் இந்த எண்கள் பயன்பட்டன' என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அது போதாது என்ற எண்ணம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

## அச்சான பிறகு

புத்தகம் காட்சிக்கு வந்தது. அண்ணாச்சி பயந்த அளவு விற்பனை அடிபடவில்லை, ஆனால் அவர் சொன்னதும் நடந்தது. ஒரு பள்ளித் தாளாளர் மாதிரிப் பிரதியைப் புரட்டிவிட்டு, "மத்த புக்ல எல்லாருக்கும் ஐ.க்யூ போட்டிருக்கானே, இதுல ஏன் நாலு பேர்தான்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி விளக்கிப் பார்த்திருக்கிறார், எடுபடவில்லை.

இன்னொரு பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை அந்தப் பக்கத்தை வைத்து ஒரு பாடமே நடத்தியிருக்கிறார். உங்களுக்கு ஐந்து வயதில் என்னென்ன தெரிந்தது என்று வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள் என்றாராம். பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பக்கம் எழுதி வந்தார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து நான்கு வரி வந்தது. மில்–ஃபாரடே வித்தியாசம் அந்த வகுப்புக்கு வேறு விளக்கம் இல்லாமலே புரிந்துவிட்டது என்று எழுதியிருந்தார்.

எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. ஒரு பள்ளி வினாடிவினாவில் 'ராமானுஜனின் ஐ.க்யூ எவ்வளவு?' என்று கேள்வி. எதிர்பார்த்த விடை 100. எடுத்தது எங்கள் நடுப்பக்கத்திலிருந்து. ஹார்டியின் நூறு, பக்கத்தில் மில்லின் 190-உம் ஃபாரடேயின் 105-உம் இருந்ததால், ஐ.க்யூ நூறாகப் படிக்கப்பட்டுவிட்டது. அதாவது ராமானுஜன் சராசரி மனிதர், ஃபாரடேயைவிட ஐந்து புள்ளி குறைவு! தகவல் சொன்ன பெற்றோர் கோபமாகவே பேசினார். எண்ணின் சான்று அதே எழுத்தளவில் பக்கத்திலேயே இருந்தது, விதியை மீறவில்லை. ஆனாலும் எண் தனியாகக் கிளம்பிப் போய்விட்டது.

## மறுபதிப்பில் மாறுவது

வினாடிவினா விவகாரத்துக்குப் பிறகு நடுப்பக்கத்தை மறுபடி பிரித்துப் பேசினோம். ஒப்புக்கொண்டவை இவை.

ஹார்டியின் மதிப்பெண் ராமானுஜனுக்கு மட்டும் தனியாக நிற்காது. 25, 30, 80, 100 நான்கும் ஹார்டியின் படத்தோடு ஒரே கட்டத்தில் வரும், வேறு நிறத்தில், மில்–ஃபாரடே பகுதியிலிருந்து விலகி. ஃபாரடேயின் 105-க்குப் பக்கத்தில் அவருடைய 150-உம் அச்சாகும். ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருந்தால் படியெடுப்பவர் ஒரு நொடியாவது தயங்குவார் என்பது பதிப்பாசிரியரின் கணக்கு.

தலைப்பு மாறுகிறது. உள்ளே இவ்வளவும் எழுதிவிட்டு மேலே 'உலகின் தலைசிறந்த மூளைகள்' என்று விட்டது பொருந்தவில்லை. அது கலர் பிளேட்டில் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்ததால் முதல் பதிப்பில் தங்கிவிட்டது. புதிய தலைப்பு 'இந்த எண் எங்கிருந்து வந்தது?'

காக்ஸ் கண்ட இன்னொரு முடிவுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறோம். 301 பேரில் நூறு பேரை எடுத்து, அறிவோடு வேறு 67 குணங்களையும் அவர் மதிப்பிட்டார். மிக உச்சமான அறிவும் சற்றுக் குறைந்த விடாமுயற்சியும் உள்ளவரைவிட, உயர்ந்த, ஆனால் உச்சமல்லாத அறிவும் மிகுந்த விடாமுயற்சியும் உள்ளவரே அதிகம் சாதிக்கிறார் என்று எழுதினார். அதற்கும் அடிப்படை அதே கோப்புகள்தான், அதே குறை அதற்கும் உண்டு. அதைச் சேர்த்தே போடுவது என்று முடிவு. விடாமுயற்சி என்றவுடன் ஆசிரியர்கள் சுவரில் எழுதிப் போட்டுவிடுவார்கள், குறையை யாரும் எழுத மாட்டார்கள் என்று கணக்கு வாத்தியார் எச்சரித்திருக்கிறார்.

கால்டனின் இனமேம்பாட்டுக் கொள்கைக்கு ஒரு வரி போதுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அரைப் பக்கம் கேட்டிருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளால் அதைப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் வாதம், ஆறாம் வகுப்பும் படிக்கிற புத்தகம் என்பது பதிப்பாசிரியரின் வாதம். அண்ணாச்சி இன்னமும் பாரதியாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆனால் இப்போது நம்பர் இல்லாமல்.